மீன் மின்னிய வெள்ளிக்கிழமை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் சாப்பிடலாமா கூடாதா என்பதில் எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மீனும் கவுச்சிதான், அதன் வாடையே ஆகாது என்பது ஒரு கட்சி. ஆட்டுக்கறியும் கோழியும்தான் விலக்கு, தண்ணீரில் நீந்துவது கணக்கில் வராது என்பது இன்னொரு கட்சி. நாங்கள் இரண்டாவது கட்சி. நான் பக்தியில் குறைந்தவள் இல்லை, நாக்கு கொஞ்சம் நீளமானவள், அவ்வளவுதான். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற திண்டுக்கல்லில் நல்ல கடல் மீன் கண்ணில் பட்டால் நான் கிழமை பார்ப்பதில்லை.

ஆனால் இரண்டாயிரங்களின் கடைசியில் வந்த அந்தத் தவக்காலத்தில் மீனெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. என் கணவர் கொடுத்த வாக்கை மீறித் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிற ஆண்களில் பலர், ஈஸ்டர் வரைக்கும் குடியைத் தொடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். ஈஸ்டர் அன்று மத்தியானம் பிரியாணியோடு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த நாற்பது நாளுக்குள் வாக்கை மீறினவனை யாரும் மதிக்க மாட்டார்கள். என் கணவர் மற்ற நாட்களில் அளவோடு குடிப்பவர், நானும் அளவோடு திட்டுவேன். தவக்காலத்தில் மட்டும் அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. என் அப்பா குடித்தே செத்தவர். அம்மா பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் அந்த நாற்பது நாள்தான் எனக்குப் பிடிமானம். விட நினைத்தால் விடக்கூடிய மனிதர் இவர் என்று வருடா வருடம் எனக்கு நிரூபணம் ஆகிற நாட்கள் அவை.

அவர் வைத்திருந்தது குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. விடிந்ததும் வடமதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பூ மூட்டைகளை ஏற்றி வந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவார். சாயங்காலம் மதுரைக்குக் காய்கறி லோடு இருக்கும். அந்தச் சாயங்கால லோடுகளைத்தான் இரண்டு வருடமாக ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தார். கேட்டால் கமிஷன் கடைக்காரர் சரியில்லை என்பார், இல்லாவிட்டால் டயர் சரியில்லை என்பார். இரண்டும் சரியாக இருந்தால் ரோடு சரியில்லை.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். வாசலில் நிற்கிற மகளின் சைக்கிளில் மோதுவார். நடையில் வைத்திருக்கும் தண்ணீர்க் குடத்தை உதைத்துத் தள்ளிவிட்டு, அதை அங்கே வைத்ததற்கு என்னைத் திட்டுவார். வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் கோயிலில் நடக்கிற சிலுவைப்பாதைக்குக் கூப்பிட்டால் தலைவலி. ஈஸ்டருக்கு முந்தின இரவு கோயில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒற்றைத் திரியோடு தொடங்குகிற பூசைக்கு அவர் வந்து வருடக்கணக்காகிவிட்டது. இதற்கெல்லாம் மேலே, வாயில் எப்போதும் சோம்பு. குடியை விட்டதால் வாய் நமநமவென்று இருக்கிறதாம், அதற்காக மெல்கிறாராம். வாடையை மறைக்கச் சோம்பு மெல்கிற வித்தையை என் அப்பாவிடமே பார்த்து வளர்ந்தவளிடம் இந்தக் கதை எடுபடுமா?

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கோலமாவு டப்பாவும் கையுமாக நின்று, "அண்ணன் தவக்காலத்துலயும் விடமாட்டாரு போலயே" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். நெய்க்காரப்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, எதற்கெடுத்தாலும் 'ங்க' போட்டுப் பேசப் பழகிவிட்ட என் அக்கா, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலியாக இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் இங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். ஈஸ்டர் முடியட்டும், ஏழாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவது. அம்மாவைப் போல ஒரு ஆயுளை எரித்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பயம் இல்லை. பெட்டியை எடுத்துத் தூசி தட்டும்போதெல்லாம் ஒரு மின்மினிச் சாயங்காலம் குறுக்கே வந்து நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான வருடம் அது. கல்லறைத் திருநாளுக்கு அவருடைய ஊருக்குப் போயிருந்தோம். வடமதுரையிலிருந்து உள்ளே போகிற கிராமம். அவருடைய அப்பாவின் கல்லறையில் மெழுகுத்திரி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். பெண் பார்க்க வந்ததிலிருந்து அதுவரைக்கும் அந்த மனிதர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. இப்படி ஒரு ஊமைக் கோட்டானுக்குக் கட்டி வைத்துவிட்டார்களே என்று நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். கிணற்று மேட்டுக்கு வந்ததும் அவர் நின்று, வேலிப் பக்கம் கையை நீட்டி, "அந்தா பாரு" என்றார்.

வேலி முழுக்க மின்மினி. திண்டுக்கல்லில், தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றத்துக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். ஒரு வேலியே மூச்சு விடுவதுபோல எரிந்து அணைந்து எரிவதைப் பார்த்ததில்லை. "அங்க பாரு", "அந்தப் பக்கமும் பாரு" என்று அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தேன். பேசத் தெரியாத மனிதர் எனக்குக் கொடுக்க ஒன்று வைத்திருந்திருக்கிறார் என்று தோன்றியது. அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கிணற்று மேட்டில்தான். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம், எங்க வீட்டுக்காரர் எனக்கு நகை வாங்கித் தரவில்லை, மின்மினி காட்டினார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இப்போது அந்த மீனுக்கு வருகிறேன்.

தவக்காலத்தின் நடுவில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ராமேஸ்வரத்திலிருந்து வந்த சங்கரா மீன் நல்ல சிவப்பாகக் கிடைத்தது. மறுநாள் ராத்திரிக் குழம்புக்கு ஆகட்டும் என்று, கழுவாமல் கல்லுப்பைத் தூவி மண்சட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். கழுவி வைத்த மீன் ருசி கெட்டுவிடும் என்பது என் கொள்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டியை வெளியே எடுத்து அடுப்பங்கரைத் தரையில், அம்மிக்குப் பக்கத்தில் தட்டால் மூடி வைத்துவிட்டு, மகளோடு சிலுவைப்பாதைக்குப் போனேன். அவருக்கு வழக்கம்போலத் தலைவலி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது கரண்ட் போனது. அந்த வருடங்களில் கரண்ட் போவது செய்தியே இல்லை, இருந்தால்தான் செய்தி. மெழுகுத்திரி எடுத்து வர மகள் அடுப்பங்கரைக்குப் போனாள். தட்டு காலில் தட்டி உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல்.

"அம்மா! மீனு எரியுதும்மா!"

ஓடினேன். கருகல் வாடை ஒன்றும் இல்லை. நெருப்பும் இல்லை. தரையில் இருந்த சட்டிக்குள் மீன்கள் நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சத்தில் கிடந்தன. செவுள் ஓரமும் வயிறும் நன்றாகத் தெரிந்தன. வால் முனையில்கூட வெளிச்சம் இருந்தது. அசையாத, சூடில்லாத வெளிச்சம். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "மாதாவே" என்று சொன்னதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த நிமிஷம், இது தண்டனையா என்று ஒரு பயம். மீனும் கவுச்சிதான் என்ற கட்சி ஜெயித்துவிட்டதோ என்று நினைத்தேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

பயம் தெளிந்ததும் அழகு தெரிந்தது. மகள் குனிந்து விரலால் ஒரு மீனைத் தொட்டாள். விரல் நுனியில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டது. அதை அவள் என் கன்னத்தில் தடவிவிட்டுச் சிரித்தாள்.

அந்த நேரம் வெளியே சைக்கிள் விழுகிற சத்தம். வந்துவிட்டார் மகராசன் என்று பல்லைக் கடித்தேன். சுவரை உரசிக்கொண்டு வருகிற அந்தக் காலடி அடுப்பங்கரை நிலைப்படியில் வந்து நின்றது.

"அப்பா, சீக்கிரம் வந்து பாருங்கப்பா!"

"என்னத்த?"

"சட்டியப் பாருங்கப்பா!"

நிலைப்படியைக் கை தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "ஆமா. நல்லா இருக்கு. புதுச் சட்டியா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று அவளுக்கு நினைப்பு. "ஐயோ, மீனு மின்னுதுப்பா!"

"அட, ஆமா ஆமா. மினுமினுன்னு இருக்கே. எம்புட்டு அழகு."

குரல் அடுப்புத் திண்டுப் பக்கம் போனது. மற்ற நாட்களில் சட்டி இருக்கும் இடம் அது. இன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்த இருட்டில் வெளிச்சம் என்று இருந்தது தரையில் கிடந்த சட்டி ஒன்றுதான். குடித்தவனுக்குக் கால்தான் தடுமாறும், இப்படி ஒரு வெளிச்சம் கண்ணுக்குத் தப்புமா?

நான் பேசாமல் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். அந்த வெளிச்சத்தில் அவருடைய மூக்கு லேசாகத் தெரிந்தது, கண் தெரிந்தது. மீனை இடப்பக்கம் நகர்த்தினேன். கண் நகரவில்லை. வலப்பக்கம் நகர்த்தினேன். அவர் எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அவ்வளவு கிட்டத்தில் வந்தது சோம்பு வாடை மட்டும்தான். மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மெழுகுத்திரிய ஏத்து புள்ள. என்ன இருட்டுல வெளாட்டு" என்றார்.

ஏற்றினேன். மீனின் வெளிச்சம் போய், என் கையில் வெறும் சங்கரா தொங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சங்கராவா? எங்க கெடச்சுது?" என்றார்.

மகளைப் பாடம் படிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எம்புட்டு நாளா?"

முதலில் மழுப்பினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "சின்னதுலயிருந்தே அந்தி மசங்குனா கண்ணு மட்டுதான். மாலைக்கண்ணுன்னு எங்காத்தா ஈரலா வறுத்துக் குடுத்துச்சு. லைட்டு வெளிச்சத்துல ஓட்டிப்புடுவேன். இப்ப ரெண்டு வருசமா அதுவும் முடியல. ஓரமெல்லாம் மறைக்கிது."

"குடிச்சிட்டு வாறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்! ஊரே நெனச்சுது! அப்பக்கூடச் சொல்லணும்னு தோணலையா?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ அப்படி நெனைக்கிறன்னு தெரியும். நெனச்சுக்கிட்டுப் போகட்டும்னு இருந்தேன். குடிகாரன்னு சொன்னா நாலு நாள் திட்டிட்டு லோடு குடுப்பாங்க. கண்ணு தெரியாதவன்னா எவன் குடுப்பான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குடித்திருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது. மதுரை ரோட்டில் எதிர்லாரி விளக்கை நம்பி ஓட்டிய ராத்திரிகளை நினைத்தேன். எதிரே வந்திருக்கக்கூடிய பிள்ளைகளை நினைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது துக்கம் மட்டும் இல்லை. இந்த மனிதர் மாதா படத்துக்கு முன்னால் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார் என்ற நிம்மதியும் அதில் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தும் கோபம் வந்தது. அன்று ராத்திரி ரசமும் அப்பளமும்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சரிடம் மீனைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் துள்ளிக் குதிக்காத குறை. "கடல் தண்ணியில இருக்கிற பாக்டீரியாங்க அது. மீன் மேல ஒட்டிக்கிட்டு வரும். உப்பும் குளிர்ச்சியும் இருந்தாப் பெருகி வெளிச்சம் குடுக்கும். நீங்க கழுவியிருந்தாப் பாத்திருக்கவே மாட்டீங்க, நல்ல தண்ணி பட்டா அணைஞ்சிரும்" என்றார். காட்டில் மின்னுகிற காளான் உண்டாம். ஆழ்கடலில் விளக்கைத் தலையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இரை பிடிக்கிற மீன் உண்டாம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டேன். "பெரிய மீன் பாத்து முழுங்கணும்னுதான்னு சொல்றாங்க. அதோட வயித்துல போய் சொகமா இருக்கலாம்ல?" மின்மினி எதற்கு என்றேன். "அது தொணையைக் கூப்புடுது" என்றார்.

அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது என் புத்தி அதிலேயே நின்றது. தானாக வெளிச்சம் தருகிற எந்த உயிரும் தனக்காகத் தருவதில்லை போலிருக்கிறது. எதிரில் பார்க்க ஒரு கண் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது எரிகிறது. இருட்டு விழுந்தால் அப்படி எந்த வெளிச்சமும் போய்ச் சேராத ஒருவர் என் வீட்டில் இருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கே அது தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விழித்திரை பிறவியிலேயே பழுது, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், ஆனால் போனது திரும்ப வராது, ஈரலும் முருங்கைக்கீரையும் இதற்கு உதவாது என்றார் டாக்டர். இனி வண்டி ஓட்டக் கூடாது, பகலிலும் கூடாது. வெளியே வந்து அவர் என் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ள என் கை கூசியது. வண்டியை விற்றோம். அவர் பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் பகல் வேலைக்குச் சேர்ந்தார். பேசத் தெரியாத மனிதர் ஏலம் கூவத் தொடங்கினார். ஈஸ்டர் பூசைக்கு அந்த வருடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். விளக்கெல்லாம் அணைந்ததும் பிடி இறுகியது. அக்கா போன் பண்ணி அந்த வேலையைப் பற்றிக் கேட்டபோது, வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்டதற்கு, இங்கே மீன் நன்றாகக் கிடைக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனோம். இப்போது அவருடைய அம்மாவின் கல்லறையும் அங்கே இருந்தது. திரி ஏற்றி முடித்ததும் மகள் சொந்தக்காரப் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டாள். நாங்கள் மெதுவாக வந்தோம். அவர் கை என் தோளில் இருந்தது. மழை ஓய்ந்திருந்தது. கிணற்று மேட்டில் நான் நின்றேன். பழைய வேலியில் பாதியைப் பிடுங்கிக் கல் நட்டுக் கம்பி போட்டிருந்தார்கள். மீதி வேலியில் மூன்றோ நாலோ மின்மினி இருந்தது.

"இங்கதான் நீங்க எனக்கு மின்மினி காட்டுனீங்க" என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு உறைத்தது. சின்னதிலிருந்தே மட்டுதான் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. "ஏங்க, அன்னைக்கு அது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் சிரித்தார். "எங்கக்கா சொல்லும், ஐப்பசி மழைக்கு இந்த வேலியில அம்புட்டும் மின்மினின்னு. டவுனுப் புள்ளையாச்சே, பாத்தா சந்தோசப்படுவேன்னு கூட்டியாந்தேன். எந்தப் பக்கம் கையை நீட்டுனாலும் நீ ஆ ஆன்னு கத்துன. சரி, நெறையா இருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"இருக்கா இப்ப?" என்று கேட்டார்.

"இருக்கு."

"எங்க?"

அவர் கையைப் பிடித்து வேலிப் பக்கம் நீட்டினேன். அவர் அந்தத் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு மாதிரி அம்புட்டுமா?"

"அம்புட்டும்" என்றேன். பிறகு, அவருக்குக் கேட்கட்டும் என்று, "ஆ!" என்று கத்தினேன்.